சரக்குக்குப் பெயர் பல, செடிக்கு?
கொத்தமல்லிக் குடும்பமும் தமிழ்த் தாவரவியல் சொற்களும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள வட்டத் தலைநகரம் கீழ்பென்னாத்தூர். அங்கே மளிகைக் கடை ஒன்றிலும் நாட்டு மருந்துக் கடை ஒன்றிலும் ஏறி இறங்கினால் போதும், தாவரவியலார் ‘ஏபியேசி’ என்று சொல்லும் பெருங்குடும்பத்தின் பாதிப் புகழைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். தனியா, சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை, பெருங்காயம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். கீரைக்கட்டில் கொத்தமல்லியும் வல்லாரையும், காய்கறிக் கூடையில் கேரட்டும் சேர்ந்தால் ஒன்பது சரக்கு ஆகிறது.

இனி ஊரைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் போவோம். நெல், மல்லாட்டை, கரும்பு, ஏரிக்கரைப் பனை, புறம்போக்கில் எருக்கு. இந்தப் பச்சையில் அதே குடும்பத்துச் செடி எத்தனை? கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் கீரைக்காக விதைத்த கொத்தமல்லி ஒன்று. தண்ணீர் கசியும் வரப்போரத்து வல்லாரை இன்னொன்று. இந்த இரண்டைத் தாண்டித் தேடினால் கால்தான் வலிக்கும். கடையில் ஒன்பது, காட்டில் இரண்டு.

தமிழில் இந்தக் குடும்பத்துக்கு வழங்கும் சொற்களின் நிறையும் குறையும் இந்த வேறுபாட்டில்தான் பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் சரக்குப் பெயர்கள். சரக்கு எந்தச் செடியில், எந்தப் பூவில், எந்த வகைக் காயாக விளைந்தது என்பதைச் சொல்லும் பெயர்கள் குறைவு. கலைச்சொல் ஆக்கியவர்கள் ஐரோப்பியச் சொற்களுக்குத் தமிழ் தேடினார்களே தவிர, சமையலறைக்கும் செடிக்கும் நடுவே பாலம் போடவில்லை. அந்தப் பாலத்துக்கு என்னென்ன சொற்கள் உள்ளன, எவை போதா, எவை ஆபத்தானவை என்று வரிசையாகப் பார்க்கலாம்.

குடும்பத்தின் வரலாறு

உலகில் ஏறத்தாழ 3,700 சிற்றினங்களும் நானூறுக்கு மேற்பட்ட பேரினங்களும் கொண்டது இக்குடும்பம். பெரும்பாலானவை மிதவெப்ப நாடுகளிலும் உயர்ந்த மலைகளிலும் வளர்பவை. எனவே வட ஆர்க்காட்டுச் சமவெளியில் இவை காணக் கிடைக்காததில் வியப்பில்லை. தென்னாட்டில் இக்குடும்பத்தின் காட்டுச் செடிகளைப் பார்க்க நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏற வேண்டும்.

தாவரக் குடும்பம் என்ற எண்ணமே உறுதிப்படாத காலத்தில் ஐரோப்பியர் தனிக் கூட்டமாக முதலில் கண்டுகொண்டவற்றில் இதுவும் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ராபர்ட் மாரிசன் 1672இல் இக்குடும்பத்துக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். ஒரே தாவரக் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட முதல் நூல் அதுவே என்பது தாவரவியல் வரலாற்றாசிரியர்களின் கருத்து. இலையையும் பூவையும்விடக் காயின் அமைப்பைப் பார்த்தே அவர் செடிகளைப் பிரித்தார். இன்றும் இக்குடும்பத்தில் ஒரு செடியைத் திட்டமாக அடையாளம் காண முற்றிய காய் வேண்டும். சமையலறைக்குச் செடியில்லாமல் காய் மட்டும் வந்து சேர்ந்த நமக்கு இது ஒரு நல்வாய்ப்பு. அதைப் பின்னால் பார்ப்போம்.

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் கொரியாண்ட்ரம் சட்டைவம், குமினம் சைமினம், டாக்கஸ் கரோட்டா, அனீத்தம் கிராவியோலென்ஸ் என்று நம் தனியா, சீரகம், கேரட், சதகுப்பை எல்லாம் இருபெயர் பெற்றன. வல்லாரையை அவர் ஹைட்ரோகாட்டைல் ஏஷியாட்டிகா என்றார். 1879இல் உர்பன் அதைச் சென்டெல்லா பேரினத்துக்கு மாற்றினார். பிற்காலத்தில் மரபணு ஆய்வு வந்தபோது ஹைட்ரோகாட்டைல் பேரினமே அராலியேசி குடும்பத்துக்குப் போய்விட்டது. வல்லாரை மட்டும் இங்கேயே நின்றது. ஓமத்தின் கதை இன்னும் நீளம். சைசன், டைகோடிஸ், கேரம் என்று பேரினம் மாறி மாறி, 1929இல் ஸ்ப்ரேக் சூட்டிய ட்ராக்கிஸ்பெர்மம் அம்மி என்ற பெயரில் வந்து நின்றது. நாட்டு மருந்துக் கடைக்காரர் அப்போதும் இப்போதும் ஓமம் என்றே மடித்துக் கொடுக்கிறார். இலத்தீன் பெயர் மாறாதது, நாட்டுப் பெயர் நிலையற்றது என்று சொல்லிப் பழகியவர்கள் ஓமத்தின் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

குடும்பத்துக்கும் இரண்டு பெயர்கள் செல்லும். ழுசியூ 1789இல் கொடுத்த அம்பெல்லிஃபெரே என்பதற்குக் குடையைத் தாங்குவது என்று பொருள். பூக்கொத்தின் வடிவத்தை அது சொல்கிறது. லிண்ட்லி 1836இல் கொடுத்த ஏபியேசி, செலரிச் செடியின் பேரினமான ஏப்பியம் என்பதிலிருந்து பிறந்தது. புல், அவரை, கடுகு, பனை முதலிய எட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் பழைய பெயரும் செல்லும் என்று சர்வதேசத் தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு இடம் கொடுத்திருக்கிறது. அந்த எட்டில் இதுவும் ஒன்று. ஆங்கிலேயர் பேச்சில் இதைக் கேரட் குடும்பம் என்றோ பார்ஸ்லி குடும்பம் என்றோ சொல்கிறார்கள். ஒவ்வொரு மக்களும் தங்கள் அடுப்பங்கரைக்கு நெருக்கமான செடியை வைத்தே குடும்பத்தை அழைக்கிறார்கள்.

தமிழ்ப் பெயர்களின் மூன்று அடுக்கு

முதல் அடுக்கு வீட்டு வழக்கு. அது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். திருவண்ணாமலை, வேலூர், சென்னைப் பக்கம் காய்ந்த கொத்தமல்லிக்குத் தனியா என்பதே வழக்கு. தெற்கே போகப் போக அது மல்லி ஆகிறது. கீழ்பென்னாத்தூரில் சோம்பு என்று கேட்டு வாங்குவதை மதுரைக்குத் தெற்கே பெருஞ்சீரகம் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலும் பெருஞ்சீரகம்தான், அங்கே நம் சீரகத்துக்கு நற்சீரகம் என்று பெயர். சோம்பு என்றாலும் பெருஞ்சீரகம் என்றாலும் இன்று தமிழ்நாட்டில் கடைக்காரர் கொடுப்பது ஃபீனிகுலம் வல்கேர் என்ற செடியின் காயையே. ஆனால் அகராதிகளும் மருத்துவ நூல்களும் சோம்பு என்ற சொல்லைப் பிம்பினெல்லா அனைசம் என்ற வேறொரு செடிக்கும் ஏற்றிவைத்துள்ளன. மணம் ஒன்று, செடி இரண்டு.

வீட்டு வழக்கின் இயல்பு, செடியின் ஒவ்வொரு பாகத்தையும் தனிச் சரக்காகப் பார்ப்பது. தழைக்குக் கொத்தமல்லி, காய்க்குத் தனியா என்று ஒரே செடிக்கு இரு பெயர். சதகுப்பையின் தழையைச் சோயிக்கீரை என்று விற்கிறார்கள்; கீரை வாங்குபவருக்கும் பிரசவ மருந்துக்குச் சதகுப்பை வாங்குபவருக்கும் இரண்டும் ஒரே செடி என்று தோன்ற வழியில்லை. பெருங்காயம் இன்னும் ஒரு படி மேலே. ஃபெருலா என்ற மலைச்செடியின் வேர்ப்பகுதியைக் கீறினால் வடியும் பால் உறைந்து அது கிடைக்கிறது. ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் பிசினாகவே இறக்குமதியாகி, மாவும் பிசினும் கலந்து கட்டியாகவோ தூளாகவோ நம் கைக்கு வருகிறது. இந்திய மண்ணில் முறையான பயிராக முதல் பெருங்காய நாற்றைப் பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நட்டது 2020 அக்டோபர் 15 அன்று, லாஹௌல் பள்ளத்தாக்கின் குவாரிங் கிராமத்தில். நூற்றாண்டுகளாகச் சாம்பாரில் போட்டவர்கள் செடியைப் பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பெருங்காயச் செடி என்று ஒரு தமிழ்ச் சொல் இல்லையே என்று வருந்த என்ன இருக்கிறது? செடியே இல்லையே.

இரண்டாம் அடுக்கு சித்த மருத்துவம். அங்கே கடைச்சரக்கு என்பது ஒரு வகைப்பாடு. இக்குடும்பத்தின் பெரும்பகுதி அந்த வகைக்குள் வருகிறது. கொத்தமல்லிக்கு உருளரிசி என்றும், சீரகத்துக்குப் பித்தநாசினி, போசனகுடோரி என்றும், ஓமத்துக்குத் தீப்பியம் என்றும், பெருங்காயத்துக்குக் காயம், இங்கு என்றும் பெயர்கள் உண்டு. உருளரிசி காயின் வடிவத்தைச் சொல்கிறது; பித்தநாசினி வேலையைச் சொல்கிறது. வல்லாரை மட்டும் மூலிகை வரிசையில் நிற்கிறது. நம் நிலத்தில் தானாக வேரூன்றி நிற்பது அது ஒன்றுதானே. மலையாள நாட்டுத் தாவரங்களைப் படத்துடன் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸிலும் இக்குடும்பத்தின் சார்பில் உள்ளூர்ப் பெயருடன் இடம்பெற்ற செடி வல்லாரையே.

மூன்றாம் அடுக்கு பள்ளி, கல்லூரிப் பாடநூல். இங்கேதான் குடைமஞ்சரி, கீழ்மட்டச் சூற்பை, பிளவுறு கனி என்ற சொற்கள் வருகின்றன. இந்த அடுக்குக்கும் முதல் இரண்டு அடுக்குகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பாடநூலில் குடைமஞ்சரி படித்த மாணவி வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருப்பது அந்தக் குடைமஞ்சரியின் விளைச்சல் என்று இணைத்துப் பார்க்கப் பாடநூல் எந்தக் கயிறும் கொடுப்பதில்லை.

மூக்கு செய்த வகைப்பாடு

வீட்டுப் பெயர்கள் செடிகளைக் குழப்புகின்றன என்பது தாவரவியல் ஆசிரியர்களின் பழைய புகார். புகாரில் உண்மை இருக்கிறது. கருஞ்சீரகம் சீரகத்தின் உறவு அல்ல. ரனன்குலேசி குடும்பத்து நைஜெல்லா சட்டைவா அது. காட்டுச்சீரகம் சூரியகாந்திக் குடும்பம். ஓமவல்லி என்று சிலர் சொல்லும் கற்பூரவல்லி துளசிக் குடும்பம். நட்சத்திர சோம்பு என்கிற அன்னாசிப்பூ, இல்லீசியம் என்ற மரத்தின் காய். இக்குடும்பத்துக்குத் தூரத்து உறவும் இல்லை.

ஆனால் இப்பெயர்களை அறியாமையின் விளைவு என்று தள்ளிவிட முடியாது. ஓமத்தில் மணப்பது தைமால். கற்பூரவல்லி இலையிலும் தைமாலும் அதற்கு மிக நெருங்கிய கார்வக்ராலும் இருக்கின்றன. சோம்பில் இனிப்பது அனீத்தோல். அன்னாசிப்பூவிலும் அதே அனீத்தோல். தாவரவியலார் பூவைப் பார்த்து வகுத்தார்கள், நம் பாட்டிமார் மூக்கால் வேதியியல் செய்து வகுத்தார்கள். இரண்டும் வகைப்பாடுதான், அளவுகோல் வேறு. லின்னேயஸும் மூக்கை ஒதுக்கிவிடவில்லை. சதகுப்பைக்கும் செலரிக்கும் அவர் கொடுத்த கிராவியோலென்ஸ் என்ற அடைக்குக் கடும் மணமுடையது என்றே பொருள். குமினம் என்பதோ மேற்காசியச் சந்தைகளில் சீரகத்துக்கு வழங்கிய பழஞ்சொல் கிரேக்கம் வழியாக இலத்தீனுக்கு வந்தது. சந்தைப் பெயர் அறிவியல் பெயராவதற்கு இலத்தீனில் தடை இருந்ததில்லை.

மூக்கு வகைப்பாடு சமையலுக்குப் போதும், மருந்துக்குப் போதாது. அதற்கு இரண்டு சான்றுகள்.

முதலாவது, வயிற்றுப் பொருமலுக்குக் கொடுக்கும் அட்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. தமிழ்நாட்டில் கருஞ்சீரகம் என்றால் நைஜெல்லாவைத்தான் இடிப்பார்கள். இதே செய்முறை ஆயுர்வேதத்தில் ஹிங்குவாஷ்டகம் என்று வழங்குகிறது. அங்கே இரண்டாவது சீரகம் கிருஷ்ண ஜீரகம். இந்திய ஆயுர்வேத மருந்துத் தொகுப்பு அந்தப் பெயருக்குக் கொடுக்கும் செடி கேரம் கார்வி, அதாவது சீமைச் சீரகம். நைஜெல்லாவுக்கு அது உபகுஞ்சிகா என்று வேறு பெயர் வைத்திருக்கிறது. கருஞ்சீரகம், கிருஷ்ண ஜீரகம் என்ற இரு பெயர்களும் கருப்புச் சீரகம் என்றே பொருள்படுகின்றன. உரலில் விழுவதோ இரண்டு வேறு குடும்பத்துச் செடிகள். பிரம்மி என்ற பெயரிலும் இதே சிக்கல். வடக்கே அது சிலருக்கு வல்லாரை, சிலருக்கு பகோப்பா மோன்னியெரி. தமிழ்ச் சித்த மரபு பின்னதை நீர்ப்பிரம்மி என்று தனியே பிரித்துவைத்திருப்பது இந்த விஷயத்தில் நமக்குள்ள தெளிவு.

இரண்டாவது சான்று உயிர் சம்பந்தப்பட்டது. குரோசாணி ஓமம் என்று ஒரு சரக்கு உண்டு. பெயரில் ஓமம் இருக்கிறது. செடியோ கத்தரிக் குடும்பத்து ஹையோசயாமஸ் நைகர். அதில் ஹையோசயமின், ஸ்கோப்பலமின் என்ற நச்சு அல்கலாய்டுகள் உள்ளன. சுத்தி செய்து, அளவறிந்து மருத்துவர் கையாள வேண்டிய பொருள் அது. ஓமம் தீர்ந்துவிட்டது, இதுவும் ஓமம்தானே என்று ஒருவர் கஷாயம் வைத்தால் விளைவை எண்ணிப் பார்க்கவே கூடாது.

ஐரோப்பாவில் நிலைமை நேர் எதிர். அங்கே இக்குடும்பத்துக்குள்ளேயே நஞ்சு உண்டு. கி.மு. 399இல் சாக்ரட்டீஸுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக், கோனியம் மேக்குலேட்டம் என்ற செடி. கேரட்டுக்கு நெருங்கிய தோற்றம் அதற்கு. காட்டில் கீரை பறிக்கப் போகும் ஐரோப்பியக் கிழவிக்கு இக்குடும்பத்துச் செடிகளைத் தண்டின் புள்ளி, இலையின் மணம், காயின் வரி என்று நுட்பமாகப் பிரிக்கத் தெரிந்தாக வேண்டும். செடியைப் பற்றிய சொற்கள் அங்கே பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படி ஓர் அச்சம் கீழ்பென்னாத்தூர் வரப்பில் இல்லை. ஆகவே சொற்களும் பிறக்கவில்லை.

பாகங்களின் பெயர்கள்

கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டால் தண்டு உயர்ந்து பூக்கும். கீரைக்காரர் அதைக் கழித்துவிடுவார். தாவரவியல் மாணவருக்கோ அதுதான் பாடம்.

தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து பல காம்புகள் குடைக்கம்பிகளைப் போல் விரிகின்றன. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் அதே முறையில் சிறிய காம்புகள் விரிந்து, அவற்றின் முனையில் பூக்கள் நிற்கின்றன. பெரிய குடைக்குள் சிறு குடைகள். தமிழ்நாட்டுப் பாடநூல் சொல் குடைமஞ்சரி. இரண்டடுக்கானது கூட்டுக் குடைமஞ்சரி. அம்பெல் என்று ஒலிபெயர்த்து எழுதியவர்களும் உண்டு. இலங்கைத் தமிழில் மஞ்சரிக்குப் பூந்துணர் என்பது வழக்கு. இணர், துணர் என்ற பழந்தமிழ்ச் சொற்களை உயிர்ப்பித்தவர்கள் ஈழத்துக் கலைச்சொல்லாளர்கள். மஞ்சரியா துணரா என்ற வழக்கில் நான் இரண்டுக்கும் இடம் கொடுப்பேன். குடை என்ற பகுதியில்தான் விஷயம் இருக்கிறது, அது இரு கரையிலும் புரியும்.

குடை என்ற சொல்லைக் கொடுத்தபின் கம்பியைக் கொடுக்காமல் விட்டதுதான் குறை. விரியும் காம்புகளுக்கு ஆரக்காம்பு என்றெல்லாம் தேடுவதைவிடக் குடைக்காம்பு என்றும், உள்ளே இருக்கும் சிறியதைச் சிறுகுடை என்றும், அதன் காம்பைப் பூக்காம்பு என்றும் சொன்னால் மூன்று நிலைகளும் சொல்லிலேயே தெளிந்துவிடும். குடைபோல் விரிந்ததெல்லாம் இக்குடும்பம் அல்ல என்பதையும் உடனே சொல்ல வேண்டும். வெங்காயப் பூவும் எருக்கம்பூக் கொத்தும் குடைதான்; குடும்பம் வேறு. கொத்தமல்லிக் குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது இரண்டடுக்குக் குடையும், அதன் அடியில் வரும் தனிவகைக் காயும், தண்டைத் தழுவும் அகன்ற இலையடியும் சேர்ந்த கூட்டு.

அடுத்து, குடையின் அடியில் வட்டமாக நிற்கும் சிறு இலைகள். பெருங்குடையின் கீழிருப்பதைப் பூவடிச்செதில் வட்டம் என்றும் சிறுகுடையின் கீழிருப்பதைச் சிறுசெதில் வட்டம் என்றும் பிரிக்கலாம். இது வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல, செடியைக் கண்டுபிடிக்க உதவும் கருவி. கேரட்டில் இச்செதில்கள் இலைபோலவே பிளவுபட்டு நீண்டிருக்கும். சீரகத்தில் நூல்போல் மெலிந்து நீளும். சோம்பிலும் சதகுப்பையிலும் இரண்டு வட்டமும் இருக்காது. இரண்டின் பூவும் மஞ்சள். கொத்தமல்லியில் மேல்வட்டம் பெரும்பாலும் இல்லை, சிறுசெதில்கள் மட்டும் ஒரு பக்கமாக நிற்கும்; பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. கொத்தமல்லியின் விளிம்புப் பூக்களில் வெளிநோக்கிய இதழ்கள் மட்டும் பெரிதாக இருப்பதையும் கவனிக்கலாம். பூச்சிக்கு மொத்தக் குடையும் ஒரே பெரிய பூவாகத் தெரிய அது உதவுகிறது.

பூவின் உள்ளே ஐந்து அல்லி, ஐந்து மகரந்தத்தாள், இரண்டு சூலக இலை. லின்னேயஸ் தம் முறையில் ஐந்து ஆண், இரண்டு பெண் என்ற கணக்கிலேயே இச்செடிகளை ஓரிடத்தில் வைத்தார். இங்கே தமிழுக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் சூலகம் என்றால் பெண்ணுறுப்பு முழுவதும். அதன் அடிப்பை சூற்பை. இலங்கையில் அந்த அடிப்பைக்கே சூலகம் என்று பெயர். தமிழ்நாட்டு மகரந்தத்தாள் அங்கே கேசரம். இங்கே பேரினம், சிற்றினம் என்பவை அங்கே சாதி, இனம். இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் சூலகம் என்ற ஒரே சொல்லால் வழி தவறக்கூடும்.

சூற்பை கீழ்மட்டம் என்று பாடநூல் சொல்வதன் பொருள் என்ன? ஒரு தனியாவை எடுத்து உச்சியைப் பாருங்கள். அங்கே சின்னஞ்சிறு பற்கள் கிரீடம்போல் நிற்கும். அவை பூவின் புல்லிகள். காயின் தலையில் புல்லி நிற்கிறது என்றால், காயாக மாறிய சூற்பை புல்லிக்குக் கீழே இருந்தது என்று அர்த்தம். கத்தரிக்காயிலோ புல்லி காம்போரம், காயின் அடியில் ஒட்டியிருக்கும். அது மேல்மட்டச் சூற்பை. இதை விளக்கப் படம் வேண்டாம், அஞ்சறைப்பெட்டியும் காய்கறிக் கூடையும் போதும்.

காய்தான் இக்குடும்பத்தின் முத்திரை. கடையில் விதை என்று விற்பவை விதைகள் அல்ல, முழுக் கனிகள். முற்றியதும் இரண்டாகப் பிரியும் இக்கனிக்குப் பாடநூல்கள் பிளவுறு கனி என்றும், கிரிமோகார்ப் என்று ஒலிபெயர்த்தும் எழுதுகின்றன. பாதிக்கு மெரிகார்ப் என்ற ஒலிபெயர்ப்பே நிலைத்துவிட்டது. கொத்தமல்லி விதைக்கும் எந்த விவசாயிக்கும் இது தெரியும். முழு மல்லியை அப்படியே தூவுவதில்லை. தரையில் போட்டுத் தேய்த்து, இரண்டாக உடைத்து விதைப்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதுவே. தேய்ப்பவர் கை பிரிப்பது இரண்டு கனிப்பாதிகளை. ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை. சோம்பும் ஓமமும் எளிதில் பிரியும். கொத்தமல்லியின் பாதிகள் இறுகப் பொருந்தியிருப்பதால்தான் இந்தத் தேய்ப்பு. கனிப்பாதி என்ற சொல்லை வைத்துக்கொண்டால் மெரிகார்ப் தேவையில்லை. பாதிகள் தொங்கி நிற்கும் நடுக்காம்பைக் கனித்தாங்கி எனலாம்.

ஒரு கனிப்பாதியின் முதுகில் நீளவாக்கில் ஐந்து முதன்மை மேடுகள் ஓடும். சோம்பில் அவை கண்ணுக்கே தெரியும். கொத்தமல்லியில் முதன்மை மேடுகள் நெளிந்தும், அவற்றுக்கிடையே எழும் துணை மேடுகள் நேராகவும் இருக்கும். நம் வட்டார விவசாயிகள் மல்லாட்டைக்கும் கரும்புக்கும் பாரும் சாலும் பிடிப்பவர்கள். மேட்டுக்குப் பார், இடைப்பள்ளத்துக்குச் சால் என்ற அந்தச் சொற்களே போதும். எண்ணெய்க் குழல்கள் சாலின் அடியில் ஓடுகின்றன. அவைதான் மணத்தின் இருப்பிடம். சோம்பின் ஒவ்வொரு கனிப்பாதியிலும் முதுகில் நான்கு, பாதிகள் ஒட்டும் முகத்தில் இரண்டு என ஆறு குழல்கள். முற்றிய கொத்தமல்லியில் ஒட்டும் முகத்து இரண்டு மட்டுமே. மருந்துச் சரக்கைச் சோதிப்பவர்கள் குறுக்காக வெட்டி உருப்பெருக்கியில் எண்ணுவது இவற்றைத்தான். சதகுப்பையின் கனிப்பாதி தட்டையாகி ஓரத்தில் சிறகு விட்டிருப்பதால் சோம்பிலிருந்து கண்ணாலேயே பிரித்துவிடலாம். கேரட்டின் காய்க்குத் துணை மேடுகளில் முட்கள் உண்டு. கிழங்குக்காக முதல் பருவத்திலேயே பிடுங்கிவிடுவதாலும், மலையில் பயிராகும் வகைகள் பூக்கக் குளிர் வேண்டும் என்பதாலும், சமவெளியில் இருப்பவர்கள் கேரட் பூவையோ காயையோ பார்ப்பது அரிது.

சொல் ஆக்கியவர்கள்

தமிழில் செடிக்கும் சொல்லுக்கும் நடுவே பாலமாக நின்றவர்கள் இல்லாமல் இல்லை. லின்னேயஸின் மாணவர் கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தபின் அங்கே ஒரு தாவரவியல் மரபு உருவாயிற்று. அதில் வளர்ந்த ராட்லர் பாதிரியார் செடிகளையும் சேகரித்தார், தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார்; அகராதி 1834 முதல் அச்சேறியது. ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களை 1838 முதல் 1853 வரை படநூலாக வெளியிட்டபோது ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள் அவருக்கு வரைந்தார்கள். வைட் ஹெராக்ளியம் பெடேட்டம் என்று பெயரிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைச் செடியை 1974இல் முகர்ஜியும் கான்ஸ்டன்ஸும் தனிப் பேரினமாக்கினார்கள். அதற்கு அவர்கள் இலத்தீனில் தேடாமல் வடமொழியிலிருந்து வனசுஷவா என்று பெயர் வைத்தார்கள். அனைத்துலகப் பெயரிலேயே இந்திய மொழிக்கு இடம் உண்டு என்பதற்கு இக்குடும்பத்திலேயே சான்று இருக்கிறது.

கலைச்சொல் முயற்சி தனியே நடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. பின்னர் தமிழ்நாட்டில் கலைக்களஞ்சியமும் பாடநூல் நிறுவனமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும், இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் வந்தன.

இந்த உழைப்பில் மூன்று கட்சிகள் தெரிகின்றன. மஞ்சரி, புஷ்பம் என்று வடசொல்லைக் கையாண்டவர்கள், துணர், புல்லி, அல்லி என்று தமிழ் தேடியவர்கள், அம்பெல், மெரிகார்ப் என்று ஒலிபெயர்த்தவர்கள். நூறாண்டு விவாதம் பெரும்பாலும் இந்த மூவருக்கிடையே நடந்தது. மல்லி தேய்ப்பவர் சொல், பார் பிடிப்பவர் சொல், சரக்கு மடிப்பவர் சொல் என்ற நான்காவது ஊற்றுக்கு அகராதி மேசையில் நாற்காலி கிடைக்கவில்லை. சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். யார் கையில் அந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது என்று கேட்கவில்லை.

என்ன செய்யலாம்

முதலில் குடும்பத்தின் பெயர். ஏபியேசி அனைத்துலகப் பெயர், அது இருக்கட்டும். தமிழில் அதைக் கேரட் குடும்பம் என்று மொழிபெயர்ப்பதில் பயனில்லை. கேரட்டின் பூவை நாம் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் விதை முதல் காய் வரை முழு வாழ்வையும் கண்முன் காட்டும் உறுப்பினர் கொத்தமல்லி. எனவே கொத்தமல்லிக் குடும்பம். சுருக்கி மல்லிக் குடும்பம் என்று சொல்லக் கூடாது. திருவண்ணாமலைப் பூக்கடையில் மல்லி என்றால் அது மல்லிகை.

இரண்டாவது, சரக்கும் செடியும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். தனியா கொத்தமல்லிச் செடியின் கனி, சோயிக்கீரை சதகுப்பைச் செடியின் தழை, பெருங்காயம் ஃபெருலாச் செடியின் பால் என்று பாகத்தையும் செடியையும் இணைத்துச் சொல்லும் பழக்கம் பாடநூலுக்கும் அகராதிக்கும் வர வேண்டும். அகராதிகளில் இன்றும் ‘ஒரு மருந்துச் சரக்கு’, ‘ஒரு வகைச் செடி’ என்ற இரண்டு வார்த்தை விளக்கத்தோடு பல பதிவுகள் நின்றுவிடுகின்றன.

மூன்றாவது, மருந்துச் சரக்கில் வீட்டுப் பெயரோடு இருசொல் அறிவியல் பெயரும் கட்டாயம். கருஞ்சீரகம், பிரம்மி, குரோசாணி ஓமம் என்ற மூன்று பெயர்கள் போதும் இந்தத் தேவையை உணர்த்த. பொட்டலத்தின் மேல் தமிழ் எழுத்திலேயே அந்தப் பெயரை அச்சிடலாம்.

நான்காவது, தமிழ்நாட்டுச் சொல்லும் இலங்கைச் சொல்லும் ஒரே பட்டியலில் பக்கம் பக்கமாக வர வேண்டும். ஒன்றை ஒழிக்க வேண்டியதில்லை. சூலகம் போன்ற முரண்கள் மட்டும் குறிக்கப்பட்டால் போதும். அரசின் சொற்குவை போன்ற இணையத் தொகுப்புகளில் இது எளிதில் செய்யக்கூடியது.

ஐந்தாவது பள்ளிக்கூடத்தின் வேலை. கீழ்பென்னாத்தூர்ப் பள்ளி ஒன்றில் ஒரு பாத்தி கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டால் குடைமஞ்சரி, சிறுகுடை, கீழ்மட்டச் சூற்பை, கனிப்பாதி எல்லாம் ஒரே பருவத்தில் கைக்கு எட்டும். செலவு ஒரு கைப்பிடி தனியாவும் மூன்று மாதத் தண்ணீரும். அந்தப் பாத்தியில் நின்று மாணவர்கள் எந்தச் சொல்லைத் தாமாகச் சொல்கிறார்கள் என்று ஆசிரியர் குறித்துக்கொண்டால், அடுத்த கலைச்சொல் அகராதிக்கு நல்ல பதிவுகள் சில கிடைக்கும்.